மழைக்காட்டில் ஒரு குடி: ஆனைமலைக் காடர்களின் வாழ்வும் நிலையும்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் அறுபட்டு, அதன் தென்புறத்தில் மீண்டும் எழும் இடமே ஆனைமலை. இதன் கிழக்குச் சரிவுகள் கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை. மேற்குச் சரிவுகள் கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம், இடுக்கி மாவட்டங்களைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து சுமந்துவரும் நீரில் பெரும்பங்கை மலையின் மேற்கு முகமும் மேட்டுச் சமவெளியும் வாங்கிக்கொள்வதால், வால்பாறைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. சின்னக்கல்லாறு போன்ற இடங்களில் அதற்கும் மிகுதியாகப் பெய்கிறது. மலையின் அடிவாரத்துக்கு அப்பால் இருக்கும் பொள்ளாச்சியோ மழை மறைவுப் பகுதியாகக் கிடக்கிறது. இத்தகைய ஈரத்தில் வளரும் காட்டையே தாவரவியலார் பசுமைமாறா மழைக்காடு என்பர். மரங்கள் ஒரு பருவத்தில் ஒருசேர இலையுதிர்த்து மொட்டையாகிவிடாமல் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்பதும், முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் மேல்விதானமும் அதன்கீழ் இடைநிலை மரங்களும் அதற்கும் கீழே நிழல் தாங்கும் செடிகளுமாக அடுக்குகள் அமைந்திருப்பதும், நடுப்பகலிலும் தரையில் வெயில் திட்டுத்திட்டாகவே விழுவதும் இக்காட்டின் அடையாளங்கள். மிக உயர்ந்த மலைமுகடுகளின் மடிப்புகளில் புல்வெளிக்கிடையே குட்டையான மரங்களோடு காணப்படும் சோலைக்காடு இதனின் வேறானது. மலையில் வாழ்வோர் பேச்சில் இரண்டுமே சோலை என்றுதான் வழங்குகின்றன.

இந்த மழைக்காட்டிலும், அதையொட்டிய மூங்கில் காட்டிலும், இலையுதிர்க் காட்டிலும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பழங்குடியினர் பலர். முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர் ஆகியோரின் குடியிருப்புகளும் ஆனைமலையில் உள்ளன. எனினும் மழைக்காட்டின் உட்பகுதியோடு மிக நெருங்கிய உறவு உடையோர் காடர்களே. வால்பாறையைச் சுற்றியுள்ள நெடுங்குன்று, கல்லார், உடுமன்பாறை, சங்கரன்குடி முதலிய இடங்களிலும், டாப்சிலிப் பக்கம் எருமைப்பாறையிலும், எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, சாலக்குடி ஆற்றின் மேல்நீர்ப்பகுதியான வாழச்சால், மலக்கப்பாறை ஆகிய இடங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். மொத்த மக்கள்தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி கேரளத்தில்தான். எட்கர் தர்ஸ்டனும் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரும் 1909இல் வெளிவந்த தத்தம் நூல்களில் இவர்களைப் பற்றி எழுதினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையில் பணியாற்றிய எரன்ஃபெல்ஸ் 1952இல் கொச்சிக் காடர்களைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். இவ்வளவு எழுதப்பட்டும் இம்மக்களைப் பற்றி நாட்டில் பரவியிருப்பது, எட்டாத காட்டுக்குள் காலங்காலமாக ஒதுங்கிக் கிடப்போர் என்ற ஒரே எண்ணமே. அந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதும், இக்குடியிருப்புகளை இன்று உலகிலிருந்து பிரித்துவைத்திருக்கும் தொலைவு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான நிர்வாகம் படிப்படியாக உண்டாக்கியது என்பதும் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

முதலில் பழைய வாழ்க்கையைப் பார்க்கலாம். இன்று அரசுத் தாள்களிலும் மக்கள் பேச்சிலும் 'செட்டில்மென்ட்' என்றே வழங்கும் நிலையான ஊர் காடர்களிடையே மிகப் பிற்பட்டது. சில குடும்பங்கள் சேர்ந்த சிறு கூட்டமாகப் பாறைக் குகைகளிலும், மூங்கிலும் இலையும் கொண்டு ஓரிரு நாளில் கட்டி முடிக்கும் குடில்களிலும் தங்கி, கிழங்கு கிடைக்கும் பருவத்தில் ஓரிடமும் தேன் வடியும் பருவத்தில் வேறோரிடமுமாக நகர்வதே அவர்களது முறை. கூட்டத்துக்கு மூத்தவர் மூப்பன். அவர் கட்டளையிடும் தலைவர் என்பதைவிட வழக்குத் தீர்ப்பவர் என்பதே பொருந்தும். மணமகன் மூங்கிலில் தன் கையாலேயே சீப்பு ஒன்றைச் செதுக்கி மணமகளுக்குத் தருவதும், பெண்கள் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வதும் பழைய நூல்கள் எல்லாம் குறிக்கும் வழக்கம். உழவு அவர்களிடம் இல்லை. ஊன்றிய ஊர் இல்லாத ஒரு கூட்டத்துக்குத் 'தொலைவிலுள்ள ஊர்' என்ற கேள்வியே எழாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மருத்துவமனையையும் சந்தையையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் நடுவில் வைத்து அளக்கத் தொடங்கிய பின்பே காடு தொலைவிடமாயிற்று.

காட்டு உணவில் முதலிடம் கிழங்குக்கு. வள்ளியினத்தைச் சேர்ந்த காட்டுக்கிழங்குகள் பலவற்றைக் காடர்கள் கொடியின் முறுக்கையும் இலையின் வடிவையும் மண்ணின் இயல்பையும் வைத்தே இனம் பிரித்தறிவர். சில கிழங்குகள் ஓரடியிலேயே கிடைக்கும். சில, பாறை இடுக்கில் ஆளுயரத்துக்குக் குழி பறித்தாலன்றிக் கிடைக்கா. முனை கூராக்கிய, அல்லது இரும்புப் பூண் இட்ட ஒரு கோலே கருவி. அதைக் கொண்டு கொடியின் வேரடியை அறுத்துவிடாமல் பக்கவாட்டில் மண்ணைப் பறித்து, கிழங்கை உடைத்தெடுத்து, அதன் தலைப்பகுதியைக் கொடியோடு மீண்டும் குழியில் வைத்து மண்ணை மூடிவிட்டுப் போவர். ஓரிரு மழைக்குப் பின் அதே இடத்தில் மறுபடியும் கிழங்கு இறங்கும். பயிரிடாதவர் என்று பதிவேடுகளில் குறிக்கப்பட்ட மக்கள் செய்துவந்தது இது. இதற்கும் நடவுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. சைக்கஸ் இனத்து ஈந்தின் கொட்டையை அப்படியே தின்றால் நஞ்சு. ஆதலால் அதைச் சீவி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, நஞ்சைக் கழுவிய பின்பே மாவாக்கும் முறை மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகள் பலருக்கும் தெரிந்தது. இத்தகைய அறிவு எழுத்தில் இல்லை. கூடவே நடந்து பார்த்துக் கற்பது. பிள்ளைகள் பத்து மாதம் விடுதியில் தங்கிப் படிக்கும் இக்காலத்தில் முதலில் அற்றுப்போவதும் இதுவே.

தேன் எடுப்பது இன்னும் கடுமையானது. மலைத்தேனீ தன் அகன்ற ஒற்றை அடையைக் கிளை பரந்த பெருமரங்களின் உச்சியிலும் செங்குத்தான பாறை முகங்களிலும் தொங்கவிடும். ஒரே மரத்தில் பல அடைகள் இருப்பதும் உண்டு. கிளையே இல்லாமல் நெடிதுயர்ந்த அடிமரத்தில் ஏறுவதற்கு, கூராக்கிய மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் அடித்து, அவற்றோடு ஒரு நீண்ட மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, கீழ்ப்படியில் நின்றுகொண்டே மேற்படியை அமைத்தபடி ஏறிச் செல்வர். தர்ஸ்டன் காலத்தில் விவரிக்கப்பட்ட இந்த முறையில் அடிப்படை மாற்றம் எதுவும் நேரவில்லை. நிலவில்லாத இரவே தேனெடுக்க ஏற்றது. பச்சிலை சுற்றிய பந்தத்தின் புகையால் தேனீக்களை விலக்கி, தேன் நிறைந்த பகுதியை அறுத்துக் கீழே இறக்குவர். மழை இறங்குவதற்கு முந்தைய கோடை மாதங்களே இதன் பருவம் என்பதால், ஆண்டு வருமானத்தின் கணிசமான பங்கு சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டு பூ குறைந்தாலோ கோடைமழை முந்திக்கொண்டாலோ அதை ஈடுசெய்ய வேறு வழியில்லை. தேனை அடுத்து விலைபெறுவது கருங்குங்கிலியம். அதன் மரத்திலிருந்து கசிந்து இறுகும் பிசின் சாம்பிராணிபோல் புகைக்கவும் மருந்துக்கும் பயன்படுவது. ஏலம், காட்டு இஞ்சி, மெழுகு, பாசி, சீயக்காய் முதலியன இவற்றுக்குப் பின் வருவன. இவை அனைத்தையும் அரசு ஏடுகள் 'சிறுவன மகசூல்' என்ற ஒரே தலைப்பில் அடக்குகின்றன. அரசின் கருவூலத்துக்குத் தேக்கோடு ஒப்பிட இவை சிறியவையாக இருந்திருக்கலாம். எடுத்து விற்கும் குடும்பத்துக்கு இவற்றைவிடப் பெரிய மகசூல் வேறில்லை.

இனி மழைக்காலம். சூன் தொடங்கிச் செப்டம்பர் வரை குடியிருப்பின் வாழ்வு பெரும்பாலும் அடுப்பைச் சுற்றியே நடக்கும். விறகு அடுப்புக்கு மேலுள்ள பரணில் உலர்ந்தால்தான் மறுநாள் எரியும். நெருப்பு அணைந்துவிட்டால் ஈரக் காற்றில் அதை மீண்டும் மூட்டுவது எளிதான வேலையன்று. வீட்டைவிட்டு இறங்கியதும் காலில் அட்டை ஏறும். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து காலில் தடவிக்கொண்டே வெளியே செல்வர். ஓடைகள் பெருகி நடைபாதையை இரண்டாக வெட்டிவிடுவதால், ரேஷன் அரிசியை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டியிருக்கும். கடை திறக்கும் நாளும் ஆற்றில் நீர் இறங்கும் நாளும் ஒத்துவராதபோது, கிடைப்பதை வைத்துக் காலம் தள்ளவேண்டும். பேறுகாலமோ பாம்புக்கடியோ நேர்ந்தால், மூங்கில் கழியில் துணியைத் தொட்டில்போல் கட்டி நோயாளியைக் கிடத்தி, இருவர் இருவராக மாறிமாறித் தோள்கொடுத்து வண்டி வரும் இடம்வரை சுமந்து செல்வதே பல குடியிருப்புகளில் இன்றும் உள்ள வழி. கிழங்குக்கும் தேனுக்கும் பழக்கப்பட்ட கால்களுக்கு அந்தத் தூரம் பெரிதன்று. சுமையோடு, இரவில், அட்டையும் யானையும் உள்ள பாதையில் அது பெரிது. நாளிதழ்களில் ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய படமொன்று வெளிவந்து, இரண்டு நாள் பேசப்பட்டு மறைகிறது.

இக்காட்டுக்குள் வெளியுலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே நுழைந்துவிட்டது என்பது பலருக்கும் தெரியாது. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு வேண்டிய தேக்கை 1850களை ஒட்டியே ஆனைமலையில் வெட்டத் தொடங்கினர். வெட்டிய மரத்தை மலை விளிம்பிலிருந்து கீழே சரித்துவிட்ட இடமே பின்னாளில் டாப்சிலிப் என்ற பெயரைப் பெற்றது. மரத்தைத் தேர்ந்து காட்டவும், வழி வெட்டவும், ஏலம், தேன் முதலியவற்றைச் சேகரித்துக் கொடுக்கவும் காடர்களே ஆட்களாயினர். மேற்குச் சரிவில் கொச்சி அரசு பரம்பிக்குளத்துக் காட்டு மரத்தைச் சாலக்குடி வரை இறக்குவதற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலை டிராம் பாதையை அமைத்து 1907ஆம் ஆண்டளவில் ஓட்டத் தொடங்கியது; அது இருபதாம் நூற்றாண்டின் நடுவரை இயங்கிப் பின் கைவிடப்பட்டது. இன்று எட்டாத ஆழ்காடு என்று கருதப்படும் பள்ளத்தாக்குகள் வழியே நூறாண்டுக்கு முன் மரம் ஏற்றிய வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மரம் தீர்ந்தது, தண்டவாளம் போயிற்று, வேலைக்காகப் பாதையோரம் குடியேற்றப்பட்ட மக்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டனர்.

கிழக்குப் பகுதியில் 1890கள் முதல் வால்பாறைச் சமவெளியின் மழைக்காடு வெட்டப்பட்டு முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் நடப்பட்டன. இன்று ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலை விரிந்து கிடக்க, அதன் நடுநடுவே பழைய காட்டின் துண்டுகள் தீவுகளைப்போல் எஞ்சியுள்ளன. தோட்டத்துக்குத் தொழிலாளர் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்காக லைன் வீடுகளும், தோட்ட மருத்துவமனைகளும், பள்ளிகளும், சாலைகளும் வந்தன. அத்தொழிலாளரின் துயரம் தனிக்கதை. அதை இங்கே விரிப்பதற்கில்லை. காடர்களைப் பொறுத்தவரை நிகழ்ந்தது இதுதான்: அவர்கள் நகர்ந்து திரிந்த மேட்டுநிலம் தனியார் தோட்டமாயிற்று, எஞ்சிய சரிவுகள் காப்புக்காடாயின, குடியிருப்புகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில் ஒதுங்கின. சாலை தோட்டத்தின் கடைசி லைன் வீட்டோடு நின்றது. அதற்கு அப்பால் நடை.

அடுத்து வந்தவை அணைகள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, மேற்கே பாயும் ஆறுகளின் நீரைச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பியது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பாசனத்தில் அதன் பங்கு பெரிது. கேரளத்தில் பெரிங்கல்குத்து, சோலையாறு அணைகள் சாலக்குடி ஆற்றில் எழுந்தன. ஒவ்வொரு நீர்த்தேக்கமும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை, அதாவது ஆற்றங்கரையும் மூங்கிலும் நடைவழிகளும் உள்ள பகுதியை, மூழ்கடித்தது. அங்கே இருந்த குடும்பங்கள் மேலே நகர்ந்தன, அல்லது நகர்த்தப்பட்டன. ஒரே குடும்பவழியினர் மரத்துக்காக ஒருமுறையும் அணைக்காக ஒருமுறையும் இடம்பெயர்ந்த வரலாறு சாலக்குடிப் பள்ளத்தாக்கில் அரிதன்று. நீர் சமவெளிக்குச் சென்றது. மின்சாரம் கம்பிவழியே நகரங்களுக்குச் சென்றது. அக்காட்டுக் குடியிருப்புகள் பலவற்றில் விளக்கெரிந்தது நெடுங்காலம் சூரியத் தகட்டின் தயவில்தான். பரம்பிக்குளத்தின் நிலை இன்னும் விந்தையானது: அது கேரளத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததாயினும், அங்கே வண்டியில் செல்லவேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் செல்லவேண்டும். தம் ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்ல இரு மாநிலச் சோதனைச்சாவடிகளைக் கடக்கவேண்டிய மக்களின் தொலைவுக்குக் காட்டைக் காரணமாகச் சொல்ல முடியாது.

நான்காவது அடுக்கு, வனவிலங்குப் பாதுகாப்பு. ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பகுதி 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பரம்பிக்குளமும் பின்னர் புலிகள் காப்பகமாயிற்று. சிங்கவால் குரங்கும் பெரும் இருவாச்சியும் இன்றும் அங்கே காணப்படுவதற்கு இந்த அறிவிப்புகள் முக்கியக் காரணம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. மரம் வெட்டுவதும் காட்டைத் தோட்டமாக்குவதும் அதனால்தான் நின்றன. ஆனால் காட்டை அழித்தவர் ஒருவர், தடையைச் சுமந்தவர் வேறொருவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. சிறுவன மகசூலை விற்பனைக்காக எடுப்பது காப்பகத்துக்குள் தடைக்குள்ளாயிற்று. பழைய பாதையை அகலப்படுத்தவும், ஓடையின் குறுக்கே சிறு பாலம் கட்டவும், கூரையை மாற்றவும்கூட வனத்துறையின் இசைவு தேவைப்பட்டது. அதே வேளையில், தீத்தடுப்புக் கோடு வெட்டவும், வேட்டைத் தடுப்புக் காவலராகக் காட்டைச் சுற்றிவரவும், கணக்கெடுப்புக்கு வழிகாட்டவும், துறை நாடியது இதே மக்களையே. அவ்வேலைகளில் பெரும்பாலானவை தினக்கூலி, அல்லது தொகுப்பூதியம்.

காப்பகத்தின் உட்பகுதியிலிருந்து வெளியேறச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கும் திட்டம் ஒன்றும் உண்டு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அத்தொகையைக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயிலிருந்து 2021இல் 15 லட்சமாக உயர்த்தியது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் உள்ள இடத்துக்குப் போக இளையோர் சிலர் விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் உள்ளே இருக்கும்வரை எந்த வசதியும் தராமல் வைத்துவிட்டு, வசதி வேண்டுமானால் வெளியேறு என்று கேட்டுப் பெறும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்பதற்கில்லை. காட்டறிவையே முதலாகக் கொண்ட ஒரு மனிதர் பொள்ளாச்சிப் பக்கம் குடியேறினால் அங்கே அவர் தேர்ச்சியற்ற கூலி ஆள் மட்டுமே.

சட்டத்தின் நிலை 2006இல் மாறியது. வன உரிமைச் சட்டம் எனச் சுருக்கமாக வழங்கப்படும் அவ்வாண்டுச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினரின் உரிமைகள் குடியேற்ற ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னும் ஏற்கப்படாமல் போனது ஒரு வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் பழங்குடியினரின் அனுபவத்தில் இருந்த நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை, சிறுவன மகசூலின் மீது உடைமை, வழிவழியாக வாழ்ந்த காட்டைக் காக்கவும் மேலாளவும் 'சமூக வன வள உரிமை' என்னும் கூட்டுரிமை ஆகியவற்றை அது அளித்தது. இவ்வுரிமைகள் சரிபார்க்கப்பட்டு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உள்ளது: பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற பொதுவசதிகளுக்காக, கிராம சபையின் பரிந்துரையின் பேரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை எளிய நடைமுறையில் ஒதுக்கலாம். அப்படியிருக்க, வனச்சட்டம் இடங்கொடுக்கவில்லை என்ற பழைய விடை, துணி கட்டித் தூக்கிச் செல்லப்படும் நோயாளியின் முன் இன்று நிற்காது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கொன்றின் இடைக்கால ஆணையால் உரிமைப்பட்டா வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. அந்த ஆண்டுகளின் இழப்பு இன்னும் ஈடாகவில்லை.

கல்லார்க் குடியிருப்பின் கதை இவையனைத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. வால்பாறைக்கு அருகே, மானாம்பள்ளி வனச்சரகத்தில் இருந்த அந்தக் காடர் குடியிருப்பில் 2019 ஆகஸ்டு மழையில் நிலம் சரிந்தது. வீடுகளும் பயிரும் போயின. மக்கள் சிறிது தொலைவில், தம் பழைய நடமாட்ட எல்லைக்குள் அமைந்த தெப்பக்குளமேடு என்ற இடத்தைத் தாங்களே தேர்ந்து குடிசை போட்டனர். சரியாத நிலமும் நீரும் அங்கே உண்டு என்பது அவர்கள் கணிப்பு. காப்பகத்துக்குள் புதிய குடியிருப்புக்கு இடமில்லை என்று வனத்துறை அவர்களை அங்கிருந்து அகற்ற, தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய லைன் வீடுகளில் தங்கவேண்டியதாயிற்று. ஒழுகும் கூரைக்குக் கீழே, கிழங்குக்கும் தேனுக்கும் வழியில்லாமல், தோட்ட வேலையும் தெரியாமல் அவர்கள் அங்கே கழித்த காலம் குறைந்ததன்று. காட்டுக்குள்ளேயே திரும்பக் குடியேறும் போராட்டமும், மனுக்களும், பேச்சுவார்த்தையுமாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் கடந்த பின் தெப்பக்குளமேட்டிலேயே நிலவுரிமை வழங்க அரசு இசைந்தது. சரியும் மலையில் எந்த இடம் சரியாது என்பதைத் தலைமுறைகளாக அங்கே நடந்தவர்களிடமே முதலில் கேட்டிருந்தால் இரண்டாண்டுத் துயரம் தவிர்ந்திருக்கும். எல்லைக்கு அப்பால், ஆனைக்கயம் என்ற காடர் குடியிருப்பும் 2018 பெருமழையில் இதேபோல் நிலச்சரிவுக்கு உள்ளாகி இடம்பெயர்ந்தது.

வாழச்சாலில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கே ஒன்பது காடர் குடியிருப்புகள் 2014இல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வன வள உரிமை பெற்றன. அதற்கு முன்பே இருவாச்சிப் பாதுகாப்பு வழியாக அம்மக்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே ஓர் உறவு வளர்ந்திருந்தது. இருவாச்சியின் பெண்பறவை முட்டையிடும் காலத்தில் பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து வாயிலைச் சேறும் எச்சமும் கொண்டு அடைத்துக்கொண்டு, ஒரு சிறு கீற்று இடைவெளி மட்டும் விட்டிருக்கும். ஆண்பறவை மாதக்கணக்கில் அக்கீற்றின் வழியே பழம் ஊட்டும். ஆணுக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பமே அழியும். முற்காலத்தில் குஞ்சுகளை இறைச்சிக்காக எடுத்தவர்களுக்குக் கூட்டுமரங்கள் எவை, எந்த மாதத்தில் எந்த மரம் பழுக்கும் என்பது மனப்பாடமாக இருந்தது. 2000களில் அதே அறிவு கூடுகளைக் காவல்காக்கும் பணிக்குத் திரும்பியது. அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டும் திட்டம் பேசப்பட்டபோது, ஆற்றங்கரைக் காடும் வாழச்சால், பொகலப்பாறைக் குடியிருப்புகளும் பாதிக்கப்படும் என்று கூறி இம்மக்கள் அதை எதிர்த்தனர். உரிமைப்பட்டா கைக்கு வந்த பிறகு அந்த எதிர்ப்பு வேண்டுகோள் என்ற நிலையிலிருந்து கிராம சபைத் தீர்மானம் என்ற நிலைக்கு உயர்ந்தது. மூப்பன் என்ற பொறுப்பில் ஒரு பெண் அமர்ந்து மூப்பத்தியாக ஊரை நடத்தியதும் வாழச்சாலில்தான்.

இவ்விடத்தில் ஒரு நிர்வாக முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பழங்குடிகளுள் எண்ணிக்கையும் வாழ்வாதாரமும் மிகவும் சுருங்கிய சிலரை நடுவணரசு 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' என்று பிரித்து, அவர்களுக்கெனத் தனி நிதி ஒதுக்குகிறது. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் ஜன்மன் திட்டத்தின் வீடு, சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவம் ஆகியவை இக்குழுக்களுக்கு உரியவை. கேரளத்தின் பட்டியலில் காடர் உண்டு. தமிழ்நாட்டின் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் உள்ளன, காடர் இல்லை. மலக்கப்பாறையில் வாழும் அண்ணன் நலிவுற்றவர், சில மைல் கிழக்கே வால்பாறைப் பக்கம் மணமாகி வந்த தங்கை அவ்வாறு அல்லர் என்ற நிலைக்கு மாநில எல்லை தவிர வேறு காரணம் கிடையாது. எண்ணிக்கை குறைவே அளவுகோலானால் தமிழ்நாட்டுக் காடர் முதல் வரிசையில் நின்றிருப்பர்.

கல்வியைப் பற்றிச் சொல்வதற்குச் சிறிதே உண்டு. அது நிறைவைத் தருவதன்று. தொடக்கப்பள்ளி எட்டும் தூரத்தில் இருக்கும் குடியிருப்புகள் குறைவு. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளே மற்றவர்க்கு வழி. ஐந்து, ஆறு வயதில் வீட்டைவிட்டு விடுதிக்குச் செல்லும் குழந்தை, தன் வீட்டுப் பேச்சு கேலிக்குள்ளாவதை முதலில் அங்கேதான் காண்கிறது. விடுமுறைக்கு வந்து திரும்பாமல் நின்றுவிடும் பிள்ளைகளைப் 'படிப்பில் நாட்டமில்லாதவர்' என்று பதிவது எளிது. ஆற்றில் வெள்ளம் இறங்காததால் பள்ளி திறந்து இரு வாரம் கழித்துச் சென்ற பிள்ளையின் பெயர் அதே ஏட்டில் எப்படிப் பதியப்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

மழைக்காட்டுச் சிற்றூருக்கு நகரத்தின் எல்லா வசதிகளையும் கொண்டுபோக வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. அகன்ற தார்ச்சாலை வந்த காட்டில் அதன் வழியே வேறு பலரும் வருவர் என்பதைக் காடர்களே நன்கு அறிவர். குடியிருப்புகளின் கோரிக்கை மிகச் சிறியது: மழையிலும் ஜீப் ஏறிவரக்கூடிய ஒரு பாதை, ஓடையின் மேல் ஒரு நடைபாலம், மாதந்தோறும் தவறாமல் வரும் செவிலியர், சரியாத நிலத்தில் மனை, தாம் எடுக்கும் தேனுக்கும் குங்கிலியத்துக்கும் நியாயமான விலை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இவற்றை யாரிடமும் கெஞ்சிப் பெறாமல் தீர்மானித்துப் பெறுவதற்கான உரிமை. தமிழ்நாட்டுப் பகுதியில் உரிமை வழங்கல் தனிமனை என்ற அளவோடு நின்றுவிடாமல், வாழச்சால் குடியிருப்புகள் 2014இல் பெற்ற சமூக வன வள உரிமை வரை ஒவ்வொரு காடர் குடியிருப்பிலும் சென்று சேரவேண்டும். தமிழ்நாட்டுக் காடர்கள் நலிவுற்ற குழுக்களின் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். பின்னதற்கு மாநில அரசின் பரிந்துரையும் நடுவணரசின் ஆணையும் தேவை. முன்னதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே போதும்.